தோட்டத்து வீட்டுக்கு சாட்டிலைட் நெட்: பெங்களூர்த் தமிழர்களின் கேள்விகளும் பதில்களும்

தளி, அஞ்செட்டி, கனகபுரா, குடகு என்று ஊருக்கு வெளியே நிலமோ வீடோ வைத்திருக்கும் பெங்களூர்த் தமிழர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன். எந்த இடமாக இருந்தாலும் பார்க்க வேண்டிய வரிசை ஒன்றுதான்: முதலில் டவர், அடுத்து வானம், அப்புறம் கரண்ட், பிளான் விலை கடைசி. இந்த வரிசை மாறும்போதுதான் பணம் வீணாகிறது.

அல்சூர்: சார், தளி பக்கம் ரெண்டு ஏக்கர் வாங்கி சின்னதா வீடு கட்டியிருக்கோம். வீட்டுக்குள்ள சிக்னலே இல்ல, மொட்டை மாடியில மட்டும் ஒரு கோடு காட்டுது. வாரத்துல மூணு நாள் அங்கிருந்து ஆபீஸ் வேலை பார்க்கணும். சாட்டிலைட்டுக்குப் போயிடலாமா?

மாடியில் ஒரு கோடு வருகிறதென்றால் இன்னும் போக வேண்டாம். கோட்டை விட்டுவிட்டு எண்ணைப் பாருங்கள். பல ஆண்ட்ராய்டு போன்களில் செட்டிங்ஸ், அபவுட் போன், சிம் ஸ்டேட்டஸ் என்று உள்ளே போனால் சிக்னல் அளவு டிபிஎம் கணக்கில் இருக்கும். 4ஜியில் மைனஸ் 90 என்றால் நல்ல சிக்னல். மைனஸ் 105 முதல் 115 வரை என்றால் வெளியே ஆன்டெனா வைத்து மீட்டுவிடலாம். மைனஸ் 120ஐத் தாண்டிவிட்டால் அந்த டவரை மறந்துவிடுங்கள்.

எல்லா நிறுவன சிம்மையும் மாற்றி மாற்றிப் போட்டு, மாடியின் நாலு மூலையிலும் அளந்து எழுதி வையுங்கள். பகலில் ஒரு தடவை, இரவு 8 மணிக்கு ஒரு தடவை. சிக்னல் எண் மாறாமல் இரவில் மட்டும் வேகம் படுத்துவிட்டால் டவரில் கூட்டம் அதிகம் என்று அர்த்தம். அதை எந்த ஆன்டெனாவும் தீர்க்காது. டவர் எந்தத் திசையில் இருக்கிறது என்பதை அரசின் தரங் சஞ்சார் தளத்தில் வரைபடத்தோடு பார்க்கலாம்.

ஆன்டெனா வைப்பவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் தவறுகிறார்கள்: ஆன்டெனாவை மாடியில் கட்டிவிட்டு, ரவுட்டரைக் கீழே ஹாலில் வைத்து, நடுவில் மெல்லிய ஆர்ஜி-58 கேபிளை இழுக்கிறார்கள். 1800 மெகாஹெர்ட்ஸில் அந்தக் கேபிள் 10 மீட்டருக்குள் 7, 8 டிபி வரை தின்றுவிடும். அதாவது பிடித்த சிக்னலில் ஐந்தில் நாலு பங்கு வழியிலேயே போய்விடும். ஆன்டெனாவால் கிடைத்த லாபம் அத்தோடு சரி. மழையில் நனைந்தாலும் தாங்கும் வெளிப்புற 4ஜி ரவுட்டரையே கம்பத்தின் உச்சியில் வைத்து, அங்கிருந்து கேட்-6 கேபிளில் கரண்டும் நெட்டும் சேர்ந்து இறங்கும்படி செய்யுங்கள். 100 மீட்டர் வரை இழப்பு பற்றிய கவலை இல்லை. தனி ஆன்டெனாதான் வேண்டுமென்றால் ஒன்று போதாது, இரண்டு வேண்டும். ஒன்றை இடப்பக்கம் 45 டிகிரியும் மற்றொன்றை வலப்பக்கம் 45 டிகிரியும் சாய்த்துப் பொருத்த வேண்டும்.

எஸ்.பி. ரோட்டில் கிடைக்கும் சிக்னல் பூஸ்டரை மட்டும் வாங்க வேண்டாம். அனுமதியில்லாத பூஸ்டர் சட்டப்படி தவறு. அக்கம்பக்கத்து ஊருக்கே டவரைக் கெடுத்துவிடும்.

கம்மனஹள்ளி: ஒருத்தர் வெளிநாட்டிலிருந்து ஸ்டார்லிங்க் கிட் கொண்டுவந்து தரேன்னு அட்வான்ஸ் கேக்கறார். கொடுக்கலாமா அண்ணா?

கொடுக்காதீர்கள் தம்பி. ஈலான் மஸ்க்கின் சாட்டிலைட் நெட் நிறுவனமான ஸ்டார்லிங்குக்குத் தொலைத்தொடர்புத் துறையின் உரிமம் 2025 ஜூனில் கிடைத்தது. ஜூலையில் விண்வெளித் துறைக்கான அரசு அமைப்பான இன்-ஸ்பேஸின் அனுமதி வந்தது. ஆனால் உரிமம் வேறு, உங்கள் வாசலில் இணைப்பு வருவது வேறு. நடுவில் அலைக்கற்றை ஒதுக்கீடும் பாதுகாப்புச் சோதனையும் இருக்கின்றன. வெளிநாட்டுக் கணக்கில் வாங்கிய கிட் இங்கே உரிமம் இல்லாத வயர்லெஸ் கருவி. பறிமுதல் ஆகும், வழக்கும் வரும். 2024 டிசம்பரில் மணிப்பூரில் ஒரு கருவி பிடிபட்டது பற்றிப் பேச்சு எழுந்தபோது, இந்தியாவின் மேல் தங்கள் செயற்கைக்கோள் கற்றைகள் அணைத்தே வைக்கப்பட்டிருப்பதாக ஈலான் மஸ்க் சொன்னார். ஆக, கொண்டுவந்தாலும் வேலை செய்ய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 2021இல் உரிமத்துக்கு முன்பே வாங்கிய முன்பதிவுப் பணத்தையெல்லாம் அரசு உத்தரவின் பேரில் நிறுவனம் திருப்பித் தர வேண்டியிருந்தது. இடைத்தரகரிடம் கொடுத்த பணத்துக்கு அந்த வழியும் கிடையாது. நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் உங்கள் முகவரியைப் போட்டு, அது ஏற்றுக்கொண்டால் மட்டும் பணம் கட்டுங்கள்.

விவேக் நகர்: பழைய விசாட் டிஷ்ஷுக்கும் இந்தப் புது சாட்டிலைட்டுக்கும் என்ன வித்தியாசம்? ரெண்டும் வானத்திலிருந்துதானே வருது?

உயரம்தான் வித்தியாசம். விசாட் டிஷ் பார்ப்பது இஸ்ரோவின் ஜிசாட்-11 போன்ற செயற்கைக்கோள்களை; அவை பூமத்திய ரேகைக்கு மேல் 35,786 கிலோமீட்டரில் ஒரே இடத்தில் நிற்பதுபோல் தெரிபவை. ஒளியின் வேகத்திலேயே போனாலும் ஏறி இறங்க கால் நொடி ஆகும்; கேள்வி போய்ப் பதில் வர அரை நொடி. நடைமுறையில் 600 மில்லிசெகண்டுக்கு மேல். புது வகையில், ஸ்டார்லிங்கின் செயற்கைக்கோள்கள் சுமார் 550 கிலோமீட்டரிலும், அதே போன்ற இன்னொரு நிறுவனமான ஒன்வெப்பினுடையவை 1,200 கிலோமீட்டரிலும் சுற்றுகின்றன. தாமதம் சாதாரண பிராட்பேண்டுக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது.

இந்த அரை நொடி சினிமா பார்க்கத் தொந்தரவு தராது. வீடியோ காலில் இருவரும் ஒரே நேரத்தில் பேசி, இருவரும் நிறுத்தி, மறுபடி ஒரே நேரத்தில் தொடங்குவீர்கள். ஐடி வேலையில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது விபிஎன், அதாவது ஆபீஸ் நெட்வொர்க்கோடு பூட்டிய வழியில் இணைக்கும் ஏற்பாடு. விசாட் மோடம், தூரத்துத் தாமதத்தை மறைக்க, எதிர்முனையிலிருந்து ‘தகவல் கிடைத்தது’ என்ற ஒப்புகை வரும் முன்பே உங்கள் கணினிக்குத் தானே ஒப்புகை கொடுத்து வேகத்தைக் கூட்டுகிறது. விபிஎன் எல்லாவற்றையும் பூட்டி அனுப்புவதால் மோடமால் அந்த வேலையைச் செய்ய முடியாது. வேகச் சோதனையில் 10 எம்பிபிஎஸ் காட்டிய அதே இணைப்பில் ஆபீஸ் பக்கம் திறக்கவே தவிக்கும். விசாட் எடுக்கும் முன், டெமோவில் உங்கள் ஆபீஸ் விபிஎன்னைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

கே.ஆர்.புரம்: குடகுல மாமனாருக்குக் காபித் தோட்டம். சுத்திலும் சில்வர் ஓக், 20 மீட்டர் உயரம். டிஷ்ஷை எங்க வைக்கிறது?

இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் எந்த நிறுவனத்திடமும் பேச வேண்டாம். இரண்டு வகைக்கும் வேண்டிய வானம் ஒன்றல்ல.

நிற்கும் செயற்கைக்கோளுக்கு ஒரே ஓட்டை போதும். ஜிசாட்-11 இருப்பது 74 டிகிரி கிழக்கு. குடகிலிருந்து பார்த்தால் தெற்கே, கொஞ்சம் மேற்கே சாய்ந்து, தரையிலிருந்து 75 டிகிரி உயரத்தில், கிட்டத்தட்ட உச்சியில் இருக்கிறது. 20 மீட்டர் மரம் டிஷ்ஷுக்குத் தெற்கே 6 மீட்டரைத் தாண்டி நின்றால் மறைக்காது. மரம் இன்னும் வளரும், காற்றில் ஆடும். 10 மீட்டர் விட்டு வையுங்கள்.

சுற்றும் செயற்கைக்கோளுக்கு வானத்தில் அகன்ற கூம்பு வேண்டும். ஸ்டார்லிங்கின் சாதாரண டிஷ் 110 டிகிரி அகலம் பார்க்கும். அதாவது தரையிலிருந்து 35 டிகிரிக்கு மேல் எல்லாமே திறந்திருக்க வேண்டும். அதே 20 மீட்டர் மரம் இப்போது 28 மீட்டர் தூரத்தில் நின்றாலும் குறுக்கே வரும். தோட்டத்துக்கு நடுவே இருக்கும் வீட்டில் இது நடக்காது. காபி காயவைக்கும் களம்தான் பெரும்பாலும் திறந்த இடம். அதன் ஓரத்தில் கம்பம் நட்டு வீட்டுக்குக் கேபிள் இழுங்கள். ஒரே ஒரு கிளை குறுக்கே இருந்தாலும் நெட் முழுதாகப் போகாது, சில நிமிடங்களுக்கு ஒருமுறை சில நொடிகள் அறுந்து வரும். படம் பார்க்கிறவருக்குத் தெரியாது, மீட்டிங்கில் இருப்பவருக்கு அது பெரிய வேதனை. ஈர இலை காய்ந்த இலையை விட அதிகம் தடுக்கும் என்பதால், கோடையில் சோதித்துவிட்டு ஜூலையில் ஏமாற வேண்டாம்.

கம்பத்துக்கு இரண்டு அங்குல ஜிஐ பைப், குறைந்தது ஒரு மீட்டர் மண்ணுக்குள், சுற்றிலும் கான்கிரீட். மேஸ்திரியிடம் தூக்குக்குண்டு பிடித்து நேராக நிறுத்தச் சொல்லுங்கள். 1.2 மீட்டர் விசாட் டிஷ்ஷின் பார்வை ஒன்றேகால் டிகிரிதான். கம்பம் ஒரு டிகிரி சாய்ந்தாலும் சிக்னல் வெகுவாக விழும். ஆஸ்பெஸ்டாஸ் கூரையிலோ ஓட்டின் மேலோ கட்டவே கூடாது. விசாட் டிஷ் சமிக்ஞை அனுப்பவும் செய்கிறது. குழந்தைகள் அதன் முன்னால் விளையாடாதபடி வேலி போடுங்கள்.

ஒயிட்ஃபீல்ட்: மழை பெஞ்சா டிடிஎச் மாதிரி இதுவும் போயிடுமா?

போகும். கொட்டித் தீர்க்கும் மழையில் நிமிடக் கணக்கில் குறையும் அல்லது நிற்கும். சாட்டிலைட்டுக்குப் பயன்படும் கேயூ அலைவரிசையை விட, இன்னும் உயர்ந்த அதிர்வெண் கொண்ட கேஏ அலைவரிசைக்குப் பாதிப்பு அதிகம். மழை விட்டதும் தானே திரும்ப வேண்டும். மழை நின்று ஒரு மணி நேரமாகியும் வரவில்லை என்றால் குற்றவாளி மழையல்ல, கனெக்டருக்குள் போன தண்ணீர். ஒவ்வொரு மூட்டிலும் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பைச் சுற்றி, கேபிள் வீட்டுக்குள் நுழையும் முன் ஒரு வளைவு கீழே தொங்கும்படி விட்டால், தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

விசாட்டில் இன்னொன்றும் உண்டு. மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும் சில நாட்கள், மதியம் 12.30ஐ ஒட்டி, சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வரும். அந்தச் சில நிமிடங்கள் இணைப்பு போகும். யாரையும் கூப்பிட வேண்டாம், தானே சரியாகும்.

பன்னர்கட்டா ரோடு: எங்க காட்டுல ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் கரண்ட் இருக்காது. இன்வர்ட்டர் தாங்குமா?

ஸ்டார்லிங்கின் சாதாரண டிஷ் 75 முதல் 100 வாட் வரை இழுக்கும். 100 என்றே வையுங்கள்: ஆறு மணி நேரத்துக்கு 600 வாட்-மணி. 12 வோல்ட் 150 ஆம்பியர்-மணி பேட்டரியில் ஏட்டுக் கணக்கில் 1,800 வாட்-மணி. லெட்-ஆசிட்டைப் பாதிக்கு மேல் வடிக்கக் கூடாது, இன்வர்ட்டரும் கொஞ்சம் தின்னும், கையில் நிற்பது சுமார் 800. டிஷ்ஷும் ஒரு லேப்டாப்பும் ஓடும், ஃபேனைச் சேர்த்தால் ஓடாது. பம்ப் செட் ஓடும் லைனில் வோல்டேஜ் ஏறி இறங்கும். ஸ்டெபிலைசரும் சர்ஜ் புரொடெக்டரும் இல்லாமல் மோடத்தைச் செருகாதீர்கள். கம்பத்துக்கு எர்த் குழி கட்டாயம், அதை வீட்டு எர்த்தோடு தடித்த செம்பு ஒயரால் இணையுங்கள். தனித்தனியாக விட்டால் இடி இறங்கும்போது மின்சாரம் மோடம் வழியாகத்தான் பாயும். எலி, குரங்குக்கு: கேபிளை ஜிஐ பைப்புக்குள் விடுங்கள்.

ஸ்ரீராமபுரம்: எதிர் மலையில 4 கிலோமீட்டர்ல சித்தப்பா வீட்டுக்கு ஃபைபர் வந்திருக்கு. அங்கிருந்து இழுக்க முடியுமா சார்?

மலை மலையைப் பார்க்கிறதென்றால் இதை விடச் சிறந்த வழி இல்லை, சாட்டிலைட்டையே மறந்துவிடலாம். ஒன்றையொன்று பார்த்து நெட்டைக் கடத்தும் 5 கிகாஹெர்ட்ஸ் வயர்லெஸ் ரேடியோ, வீட்டுக்கு ஒன்றாக இரண்டு போதும். 2018 முதல் இந்த அலைவரிசைகளுக்கு வெளிப்புறத்திலும் உரிமம் தேவையில்லை. ஆனால் கண்ணுக்கு வீடு தெரிந்தால் மட்டும் போதாது. 5.8 கிகாஹெர்ட்ஸில் 4 கிலோமீட்டருக்கு, நேர்க்கோட்டைச் சுற்றி நடுவழியில் 4.3 மீட்டராவது காலியாக இருக்க வேண்டும். பள்ளத்தாக்கு என்பதால் நடுவில் பிரச்சினை வராது, உங்கள் வேலியோரத் தென்னைதான் வழக்கமாகக் குறுக்கிடும். ரேடியோவை எதிர்வீட்டை நோக்கித் திருப்பும்போது முதலில் கிடைத்த சிக்னலில் நட்டை இறுக்கிவிடாதீர்கள். அது முக்கியக் கதிராக இல்லாமல், பக்கவாட்டில் கசியும் வலுக்குறைந்த பக்கக் கதிராக இருக்கலாம். இரண்டு பக்கமும் தாண்டித் திருப்பி, உச்சம் எங்கே என்று பார்த்துவிட்டு இறுக்குங்கள். சித்தப்பா வீட்டு நிறுவனத்திடம் சொல்லி உங்கள் பெயரில் தனி இணைப்பாக வாங்கிவிடுங்கள். ஒரு வீட்டு இணைப்பை இன்னொரு வீட்டுக்குக் கொடுப்பதைப் பெரும்பாலான ஒப்பந்தங்கள் தடுக்கின்றன.

ஹொசூர் ரோடு: அக்கா அஞ்செட்டி மலையில டீச்சர். பள்ளிக்கூடத்துக்கு சாட்டிலைட் வாங்கித் தர நினைக்கிறோம்.

நல்ல மனசு. வாங்கும் முன் அக்காவை ஊராட்சி அலுவலகத்துக்கு ஒரு நடை போகச் சொல்லுங்கள். பாரத்நெட் திட்டத்தில் தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் ஃபைபர் கொண்டுபோவது தமிழ்நாடு ஃபைபர்நெட் நிறுவனத்தின் வேலை. கேபிள் வந்து பெட்டி பூட்டிக் கிடக்கிறதா, வரவே இல்லையா என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. வந்திருந்தால் பள்ளிக்கு மேலே சொன்ன ரேடியோ போதும், மாதச் செலவும் குறையும்.

எலெக்ட்ரானிக் சிட்டி: தோட்டத்துல நாலு கேமரா வெச்சு இங்கிருந்து பார்க்கணும், அதுக்கு சாட்டிலைட் பிளான் எடுக்கலாமா?

ஒரு கேமரா 2 எம்பிபிஎஸ்ஸில் நாள் முழுதும் அனுப்பினால் 21.6 ஜிபி, நாலுக்கு 86 ஜிபி. வரம்பு வைத்த எந்த பிளானும் சில நாளில் காலி. பதிவை அங்கேயே ஹார்ட் டிஸ்க்கில் வைத்துக்கொண்டு, ஆள் நடமாட்டம் தெரியும்போது மட்டும் படம் அனுப்பும்படி அமையுங்கள். கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள்: வரம்பு தாண்டினால் வேகம் எவ்வளவு, அப்லோடு எவ்வளவு, தனி ஐபி (உங்கள் இணைப்புக்கென்றே தனியான நெட் முகவரி) உண்டா. தனி ஐபி இல்லாவிட்டால் வெளியிலிருந்து நேராகக் கேமராவைத் தொட முடியாது. கம்பெனியின் கிளவுட் ஆப் வழியாகப் பார்க்கும் மாடலாக வாங்க வேண்டும்.