தோட்டக் கேள்வி: கச்சான் காற்றும் கொத்தமல்லியும்

கேள்வி: திருகோணமலை நிலாவெளியில் எங்களுக்கு அரை ஏக்கர் மணல் காணி. சின்ன வெங்காயமும் கச்சானும் (நிலக்கடலை) போடுகிறோம். ஹோட்டல்காரர்கள் கொத்தமல்லி, புதினா கேட்கிறார்கள் என்று ஜூனில் கொத்தமல்லி விதைத்தேன். பாதி முளைக்கவில்லை, முளைத்தது ஒரு சாண் வளர முதலே பூத்துவிட்டது. இலை ஓரமும் கருகுகிறது. விதைதான் பிழையா, ஐயா? (வாசகி, நிலாவெளி)

பதில்: விதையைக் குறை சொல்ல முதல் காற்றைப் பாருங்கள், தங்கச்சி. ஜூனில் நமக்கு மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று, நெருப்பாக வீசும். சூடு பட்டால் கொத்தமல்லி இலையை விட்டுவிட்டுப் பூக்க ஓடும், அது அந்தச் செடியின் சுபாவம். மாரி மழை ஓய்ந்து பனி விழுகிற தை, மாசிதான் அதற்கு ஏற்ற காலம். ஆனால் உல்லாசப் பயணிகள் நம் கரைக்கு வருவது கோடையில்தானே, ஹோட்டலில் கேட்பதும் அப்போதுதான். அதனால் கைவிடச் சொல்லமாட்டேன், முறையை மாற்றுங்கள்.

கொத்தமல்லி மணி ஒன்றில் இரண்டு விதை ஒட்டியிருக்கும். பலகையில் போட்டு மெல்லத் தேய்த்து இரண்டாக உடைத்து, ஓர் இரவு ஊறவைத்து, நேராகப் பாத்தியிலேயே விதையுங்கள், ஆணிவேர்ச் செடி என்பதால் பிடுங்கி நட்டால் வாடிப் பூத்துவிடும். முளைக்க இரண்டு கிழமைகூட ஆகலாம், அதுவரை மண் காயக்கூடாது. மேலே தென்னோலைக் கிடுகுப் பந்தல், மேற்குப் பக்கம் கிடுகு வேலி. ஒரேயடியாக விதைக்காமல் பத்து நாளைக்கு ஒரு சின்னப் பாத்தி போட்டு, முப்பது, முப்பத்தைந்து நாளில் பூக்க முதலே வேரோடு பிடுங்கிக் கட்டுக் கட்டிக் கொடுத்துவிடுங்கள்.

இலை ஓரம் கருகுவதுதான் எனக்குக் கவலை. கிணற்றுத் தண்ணீரை வாயில் விட்டுப் பாருங்கள், கரிக்கிறதா? நம் கரையோர மணலுக்கடியில் நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்துகொண்டு நிற்கிறது. மோட்டரை விடாமல் ஓட்டினால் மேலே இருப்பது தீர்ந்து அடியில் இருக்கும் உப்பு ஏறிவிடும். ஒரு ஆவணியில் நானே அவசரப்பட்டு ஒன்றரை மணி நேரம் இறைத்து, பாத்தி வரம்பில் உப்பு வெள்ளையாகப் பூத்துப்போய், வெங்காயத்தாள் நுனியிலிருந்து பழுத்து வந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதற்குப் பிறகு காலையில் கால் மணி, மாலையில் கால் மணி, அவ்வளவுதான். கூட்டெருவும் நன்றாக மக்கிய ஆட்டெருவும் தாராளமாகப் போடுங்கள், மணல் ஈரத்தைப் பிடித்து வைக்கும், அடிக்கடி இறைக்கத் தேவையிருக்காது.

புதினாவுக்கு விதை தேடி அலையாதீர்கள். சந்தையில் வாங்கும் கட்டிலேயே நல்ல தண்டாக நாலைந்து எடுத்து, கிணற்றடியில் தண்ணீர் வழியும் நிழலில் ஊன்றினால் படர்ந்துவிடும். பக்கத்தில் கறிக்கு வாசனை தரும் ரம்பைக் கன்றும் வையுங்கள், அது கோடையில் உங்களைக் கைவிடாது.

கேள்வி: கறிவேப்பிலை விதை வாங்கிப் போட்டேன், ஒன்றும் முளைக்கவில்லை. பக்கத்து வீட்டில் வாங்கி வைத்த கன்றையும் புழு தின்றுவிட்டது. (வாசகர், மூதூர்)

பதில்: காய்ந்த விதை முளைக்காது. கறுத்துப் பழுத்த பழத்தைப் பறித்து, சதையைக் கழுவிவிட்டு அந்த வாரமே போடுங்கள். வளர்ந்த மரத்தடியில் வேரிலிருந்து கிளம்பும் கன்றைக் கிண்டி எடுப்பது இன்னும் சுலபம். புழு என்கிறீர்களே, சின்னதில் காக்கை எச்சம் மாதிரி இருந்து பிறகு பச்சையாகி, தொட்டால் தலையில் ஒரு செம்மஞ்சள் கொம்பை நீட்டி நாறுகிறதா? அது தேசி (எலுமிச்சை) மரத்துக்கு வரும் அதே வண்ணத்துப்பூச்சியின் புழு, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்காதீர்கள். கன்று சின்னதாக இருக்கும்வரை காலையில் இலையின் கீழ்ப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்துக் கையால் எடுப்பதே போதும், சாப்பிடும் இலைக்கு நஞ்சு அடிக்க வேண்டாம். வேறு நோய் என்று சந்தேகம் வந்தால் விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு எடுத்துக் கேளுங்கள்.