எடுத்து வந்த ஆட்டம்

அன்புள்ள ஐயா,

மெல்பர்னில் பல ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டுத் தேவகோட்டைக்குத் திரும்பியிருக்கிறேன். ஆஸ்திரேலியக் கால்பந்தை நம் பக்கத்துப் பள்ளிகளில் அறிமுகப்படுத்த ஆசை. கிரிக்கெட்டைத் தவிர எதையும் ஏறெடுத்துப் பார்க்காத ஊர் இது. சீருடைக்கும் பந்துக்கும் அங்குள்ள நண்பர்கள் பணம் தருவார்கள். மைதானத்துக்கு என்ன செய்வது? இந்த ஆட்டத்தைப் பற்றி நீங்கள் ஒரு கட்டுரை எழுதினால் உதவியாக இருக்கும்.

தேவகோட்டை வாசகர்

அன்புள்ள தம்பிக்கு,

வெளியிலிருந்து வரும் ஆட்டங்களில் எது தங்குகிறது, எது கொண்டுவந்தவரோடே திரும்பிவிடுகிறது என்று நானும் யோசித்துக்கொண்டிருந்த நாளில் உங்கள் கடிதம் வந்தது. அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

முதலில் ஒரு கண்டிப்பு. சிராவயல் மஞ்சுவிரட்டுக்குக் கூடும் கூட்டத்தையும், ஊர்த் திருவிழாக்களில் விளக்குப் போட்டு விடிய விடிய நடக்கும் கபடியையும் பார்த்து வளர்ந்த ஒருவர், இந்த ஊருக்குக் கிரிக்கெட் மட்டுமே தெரியும் என்று எழுதலாமா? ஊரைப் பழித்துக்கொண்டே ஊருக்கு ஒன்றைக் கொடுக்க முடியாது. சீருடையைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. பனியன் போட்டுக்கொண்டும் ஆடலாம்.

மைதானம் ஒரு பிரச்சினையே இல்லை. அந்த ஆட்டத்தின் நீள்வட்டக் களம் 135 முதல் 185 மீட்டர் நீளமும் 110 முதல் 155 மீட்டர் அகலமும் கொண்டு எப்படியும் இருக்கலாம் என்பது உங்களுக்கே தெரியும். சித்திரையில் வறண்டு கிடக்கும் கண்மாய்க்குள் அளந்து பாருங்கள்.

நான் சொல்ல வந்தது வேறு. 1873இல் கல்கத்தாவில் ஆங்கிலேயர்கள் ரக்பி சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். உறுப்பினர்களுக்கு இலவசமாக மது ஊற்றிய வரை சங்கம் செழித்தது. அதை நிறுத்தியதும் கூட்டம் கரைந்தது. ஆட ஆள் கொடுத்த படைப்பிரிவு ஊர் மாறிப் போயிற்று. மிஞ்சியவர்கள் டென்னிஸுக்கும் போலோவுக்கும் போய்விட்டார்கள். ஐந்தாண்டுகளில் சங்கத்தைக் கலைத்து, வங்கியிலிருந்த பணத்தை வெள்ளி ரூபாய்களாக எடுத்து உருக்கி, நாகப்பாம்புகள் கைப்பிடியாகவும் மூடியின் மேல் யானையாகவும் ஒரு கோப்பை செய்து லண்டனுக்கு அனுப்பினார்கள். இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் 1879 முதல் இன்று வரை மோதிக்கொள்வது அந்தக் கல்கத்தா கோப்பைக்காகத்தான். கோப்பைக்கு வேலைப்பாடு செய்ய உள்ளூர்க் கைகள் தேவைப்பட்டன. பந்தைத் தொட மட்டும் அந்தக் கைகளை யாரும் அழைக்கவில்லை. பணமிருந்தும் சங்கம் கலைந்தது ஏன் என்று நண்பர்களிடம் நிதி கேட்கும் முன் யோசியுங்கள். ஊர் நினைவில் ஏங்கியவர்கள் தங்களுக்காகவே ஆடிய ஆட்டம் அது. அவர்கள் போனதும் அதை நடத்த உள்ளூரில் ஒருவரும் இல்லை.

இதற்கு நேர்மாறாகப் பசிபிக் கடலில் உள்ள நவுரு தீவைப் பாருங்கள். ஆஸ்திரேலியாவின் கீலாங் நகரில் படித்துத் திரும்பிய அத்தீவின் மாணவர்கள், பின்னாளில் அந்நாட்டின் முதல் குடியரசுத் தலைவரான ஹேமர் டிரோபர்ட் உட்பட, நீங்கள் கொண்டுவர நினைக்கும் அதே ஆட்டத்தை அங்கே பரப்பினார்கள். இன்று அதுவே அவர்களுடைய தேசிய விளையாட்டு.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். எங்கள் வளவில், இரண்டு தூண்களுக்கு நடுவே கொடிக்கயிற்றைக் கட்டி, பெரியாச்சியும் அவள் தோழிகளும் மாலைதோறும் வளையப்பந்து ஆடுவார்கள். கப்பலின் மேல்தளத்தில் பயணிகள் பொழுதுபோக்காக எறிந்து பிடித்த வளையம் அது என்று அவர்களுக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. வளையம் தூணில் பட்டுத் திரும்பினால் ஆட்டத்தில் உண்டா இல்லையா என்பதை அவர்களே சண்டை போட்டுத் தீர்த்துக்கொண்டார்கள். முகப்பில் உட்கார்ந்திருந்த அப்பச்சி ஒரு முறை தீர்ப்புச் சொல்ல வந்து, திட்டு வாங்கிக்கொண்டு திரும்பிப் போனார்.

அதனால் ஆட்டக்காரர்களைத் தேடுவதற்கு முன் நடுவர்களைத் தயார் செய்யுங்கள். பத்தாம் வகுப்புப் பையன்களிலும் பெண்களிலும் ஆளுக்கு ஒரு ஊதல் கொடுத்து, களத்தின் முனையில் நிற்கும் நான்கு கம்பங்களில் நடு இரண்டுக்கு இடையே பந்தை உதைத்தால் ஆறு புள்ளி, பக்கவாட்டில் போனால் ஒன்று என்பதில் தொடங்கி, பதினைந்து மீட்டருக்கு மேல் உதைபட்டு வந்த பந்தைத் தரையில் விழாமல் பிடித்தவனை யாரும் தடுக்கக் கூடாது என்பது வரை, தீர்ப்புச் சொல்லும் உரிமையை அவர்களிடம் விட்டுவிடுங்கள். தவறாகச் சொன்னாலும் நீங்கள் கோட்டுக்கு வெளியே வாயை மூடிக்கொண்டு நில்லுங்கள். மெல்பர்னில் இப்படி இல்லையே என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கல்கத்தா கதைதான்.

கட்டுரை கேட்டிருந்தீர்கள். அதை நான் எழுதுவதில் அர்த்தமில்லை. விதிகளை அந்தப் பிள்ளைகளை விட்டே எழுதச் சொல்லி அனுப்புங்கள், வெளியிடுகிறேன். இரண்டு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம்; ஆஃப்சைடு என்ற சிக்கலான விதி இல்லாத ஆட்டத்துக்கு அது தாராளம்.