கெர்லான் வாசனைத் திரவியங்களுக்கு ஏன் இத்தனை மதிப்பு? அவர்களுடைய பாணிதான் என்ன?

பழைய நிறுவனம் என்பது ஒரு காரணம். 1828-ல் பியேர் பிரான்சுவா பாஸ்கல் கெர்லான் பாரிஸில் கடை திறந்தார். 1853-ல் மூன்றாம் நெப்போலியனின் மனைவியான பேரரசி யூஜெனிக்காக ஒரு கொலோன், அதாவது லேசான வாசனை நீர், செய்து கொடுத்ததும் அரண்மனை ஆதரவு கிடைத்தது. அந்தக் குப்பியில் தேனீக்கள் பதித்திருக்கும். தேனீ நெப்போலியன் வம்சத்தின் சின்னம்.

ஆனால் என்னைக் கேட்டால், உண்மையான திருப்பம் 1889-ல் எமே கெர்லான் செய்த ஜிக்கி என்ற வாசனைத் திரவியம்தான். அதுவரை பெரும்பாலும் ஏதாவது ஒரு பூவின் மணத்தை அப்படியே கொண்டுவருவதுதான் வழக்கம். எமே, ஆய்வகத்தில் உருவான கூமரின், வெனிலின் என்ற இரண்டு மணப்பொருள்களையும் இயற்கைச் சாறுகளோடு கலந்தார். பூசியதும் எலுமிச்சையும் லாவெண்டரும் பளிச்சென்று வரும். கொஞ்ச நேரத்தில் வெனிலா இனிப்பு, அடியில் லேசாகப் புனுகு நெடி. எந்தப் பூவிலும் இல்லாத மணம்! சிலருக்கு முதலில் முகம் சுளிக்கும், பழகிவிட்டால் விட மனம் வராது.

ஜிக்கி குப்பியில் எத்தில் வெனிலினை (வெனிலினைவிட வலுவான செயற்கை மணப்பொருள்) ஊற்றிப் பார்த்ததில்தான் ஷாலிமார் என்ற அவர்களுடைய இன்னொரு வாசனைத் திரவியம் பிறந்தது என்று ஒரு கதை சொல்வார்கள். கதை எப்படியோ, ஜாக் கெர்லான் அதை 1925-ல் பாரிஸ் கண்காட்சியில் வைத்தார். பெயர் ஷாலிமார் என்ற முகலாயத் தோட்டத்திலிருந்து வந்தது.

சரி, பாணி? பெர்கமோட் என்ற எலுமிச்சை வகைப் பழம், ரோஜா, மல்லிகை, ஐரிஸ், இனிப்பு மணமுள்ள டோங்கா விதை, வெனிலா. இந்தச் சேர்க்கை அவர்களுடைய பல படைப்புகளில் அடிநாதமாக ஓடும். அதற்குக் கெர்லினாட் என்று பெயர். வாசனை வடிப்பவர் பொறுப்பும் தலைமுறை தலைமுறையாகக் குடும்பத்துக்குள்ளேயே இருந்தது. 1994-ல் நிறுவனம் எல்விஎம்ஹெச் என்ற பிரெஞ்சு ஆடம்பரப் பொருள் குழுமத்தின் கைக்குப் போனது. 2008-ல் அந்தப் பொறுப்புக்கு வந்த தியெரி வாசர் கெர்லான் குடும்பத்தவர் அல்ல.