களியும் நெல்லுச்சோறும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊர் தருமபுரிப் பக்கம். அம்மா களி தின்று வளர்ந்தவர். 2023இல் எங்கள் மாவட்ட ரேஷன் கடைகளில் இரண்டு கிலோ அரிசிக்குப் பதிலாக ராகி கொடுக்கத் தொடங்கியபோது, "எனக்கு அரிசியே போடு" என்று சண்டைக்குப் போய்விட்டார். நானோ சென்னையில் சாமையும் வரகும் பாக்கெட்டில் வாங்கித் தின்கிறேன். அரசு திணித்த அரிசிக்கு நம் சனங்கள் இப்படிப் பழகிவிட்டார்களே! நம் மண்ணின் உணவை இவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது?

கு.

அன்புள்ள கு.,

அம்மாவுக்குப் புரியவைக்க ஒன்றுமில்லை. அந்த உணவை உங்களைவிட நன்றாக அறிந்தவர் அவர்.

வரகை உரலில் போட்டுக் குத்திப் பாருங்கள். உமி லேசில் விடாது. ராகிக்கு அந்தத் தொல்லை கிடையாது. ஆனால் காட்டு வேலைக்குப் போகுமுன் இருட்டோடு எழுந்து திரிகையில் அரைக்க வேண்டும், பிறகு கை கடுக்கக் களி கிண்ட வேண்டும். மாவு மில் வரும்வரை இதெல்லாம் பெண்கள் தலையில்தான். உங்கள் பாக்கெட்டுச் சாமைக்கு உமி நீக்கியது இயந்திரம்.

நெல்லுச்சோறு அன்று தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான். மற்ற நாளில் அது வசதியுள்ள வீட்டுச் சோறு. கூழ் குடிக்கிற வீடு என்ற இளப்பத்தைப் பட்டவர்கள் தினமும் உலையில் அரிசி போட ஆசைப்பட்டார்கள். 1967 தேர்தலில் 'ரூபாய்க்கு மூன்று படி அரிசி' எடுபட்டதற்கு அரிசித் தட்டுப்பாட்டோடு இந்த ஆசையும் காரணம். கேட்டு வாங்கியதைத் திணித்தது என்கிறீர்களே.

மண்ணின் உணவா? சாமையும் வரகும் சரி. ராகியும் கம்பும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவை. வந்து சில ஆயிரம் ஆண்டுகள் ஆகின்றன, அவ்வளவுதான். கன்னியாகுமரிக்காரர்கள் மீன்குழம்போடு உயிரை விடும் மரச்சீனி (மரவள்ளிக் கிழங்கு) தென்னமெரிக்கச் சரக்கு. 1880களில் திருவிதாங்கூர் மன்னர் விசாகம் திருநாள் அதைப் பரப்பினார். 1942இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போய் அங்கிருந்து அரிசி நின்றபோது ஏழைகள் வயிறு அதை நம்பித்தான் இருந்தது. இன்று அதற்கும் பாரம்பரிய உணவு என்று பெயர்.

சிறுதானியம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மானாவாரி நிலத்துக்கு அதுதான் தோது. (சர்க்கரை நோய்க்கு மருந்தென்று மட்டும் நினைக்காதீர்கள், நாலு உருண்டை களி தின்றால் சர்க்கரை ஏறத்தான் செய்யும்.) ஆனால் அரிசியைக் குறைத்துவிட்டு ராகியை நீட்டினால், பழைய நாள் திரும்புகிறது என்றுதான் அம்மாவுக்குப் படும். அரிசி அளவில் கைவைக்காமல் கூடுதலாகக் கொடுத்திருந்தால் அவர் சண்டைக்குப் போயிருக்க மாட்டார் என்பது என் ஊகம்.