சென்னை–சிங்கப்பூர்: எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம்?

வேலை காரணமாக இந்தத் தடத்தில் அடிக்கடி போய்வருகிறவன் நான். கேட்டிருந்தவற்றுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

முதல் தடவை போகிறேன். தூரம் எவ்வளவு, நேரம் எவ்வளவு?

வான்வழியில் ஏறக்குறைய 2,900 கி.மீ. வங்கக் கடலைக் கடந்து, சுமத்ராவின் வட முனைப் பக்கமாக வந்து, மலாக்கா நீரிணையை ஒட்டி இறங்கும். டிக்கெட்டில் நாலிலிருந்து நாலரை மணி நேரம் போட்டிருப்பார்கள்.

அண்ணா, விமானம் மணிக்கு 830 கி.மீ. போகிறதே. வகுத்துப் பார்த்தால் மூன்றரை மணிதான் வருகிறது?

வகுத்தது சரிதான். ஆனால் 830 என்பது உயரே போய்ச் சேர்ந்த பிறகு வரும் வேகம். ஏறும்போதும் இறங்கும்போதும் அது கிடையாது. டிக்கெட் கணக்கோ நின்ற இடத்திலிருந்து நகர்வது முதல் அங்கே போய் நிற்பது வரை. போன முறை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்: நகர்ந்ததிலிருந்து சக்கரம் தரையை விடும்வரை 19 நிமிடம். மழையில்லை, தாமதமில்லை, சாதாரண நாள்தான்.

இரவு 11:30-க்குக் கிளம்பி காலை 6:15-க்கு இறங்குகிறது என்று போட்டிருக்கிறது. ஆறேமுக்கால் மணி நேரமா?

இல்லை. இரண்டும் அந்தந்த ஊர் நேரம். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி முன்னால் ஓடுகிறது, கழித்தால் நாலேகால். 1981 முடியும்வரை இந்த வித்தியாசம் இரண்டு மணிதான். மலேசியா தன் கிழக்குப் பகுதியையும் மேற்குப் பகுதியையும் ஒரே நேரத்துக்குக் கொண்டுவர, 1982 பிறந்தபோது சிங்கப்பூரும் கூடவே கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளிவைத்தது. அங்கே ஏழு மணிவாக்கில்தான் விடிகிறது என்றால் காரணம் இதுதான்.

திரும்பி வரும்போது நேரம் குறையுமா?

ஜூலை, ஆகஸ்டில் கொஞ்சம் குறையும். தென்மேற்குப் பருவக்காற்று காலத்தில் கீழே காற்று மேற்கிலிருந்து வீசினாலும், மிக உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்கே பலமான காற்று ஓடுகிறது. 1950-களில் இதை விளக்கியவர் நம் நாட்டு வானிலை அறிஞர் கோட்டீஸ்வரம். அதனால் போகும்போது எதிர்க்காற்று, வரும்போது முதுகில் தள்ளும் காற்று. டெல்லி–லண்டன் தடத்தில் மேலே காற்று மேற்கிலிருந்து வீசுகிறது. அங்கே போவதற்கும் வருவதற்கும் உள்ள நேர வித்தியாசமும் இதைவிடப் பெரிது.

திருச்சி தெற்கே இருப்பதால் அங்கிருந்து கிட்டத்தானே?

எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள், நானும் நினைத்தேன். சிங்கப்பூர் நமக்குத் தெற்கில் இருப்பதைவிடக் கிழக்கில்தான் அதிகம் தள்ளி இருக்கிறது. திருச்சியோ சென்னைக்கு மேற்கே. ஆகவே 50 கி.மீ. சொச்சம் கூடுதல்தான். தஞ்சாவூர்க்காரர் அதற்காகச் சென்னைக்கு பஸ் ஏற வேண்டாம்!

தம்பி, என் அப்பா ரஜூலா கப்பலில் போனவர். அப்போது எத்தனை நாள்?

ஐயா, நாகப்பட்டினம், பினாங்கு என்று தொட்டுக்கொண்டு ஏறக்குறைய ஒரு வாரம். ரஜூலாவுக்குப் பிறகு ‘சிதம்பரம்’ ஓடியது. 1985-இல் அது தீப்பிடித்ததோடு அந்தக் கப்பல் போக்குவரத்தும் நின்றுபோனது.