கார் இல்லாம வெஸ்ட் வேல்ஸ் கடற்கரைய சுத்த முடியுமா: ஸ்வான்ஸி தம்பிக்கு

தம்பி, நீங்க கேட்டிருந்தது இதுதான். ஸ்வான்ஸில மாஸ்டர்ஸ் படிக்கிறீங்க, ஜூலைல அப்பா அம்மா ரெண்டு வாரம் வர்றாங்க, உங்களுக்கு இங்க ஓட்ட லைசென்ஸ் இல்ல, அதனால லண்டன்லருந்து கிளம்புற டூர் பேக்கேஜ்ல ஏத்தி விட்றலாமா இல்ல ட்ரெயின் பஸ்ஸ நம்பி வேல்ஸ்ல இருக்கிற சின்ன ஊரு, கடற்கரை எல்லாம் நீங்களே கூட்டிட்டுப் போலாமான்னு.

தாராளமா நீங்களே கூட்டிட்டுப் போங்க. நான் கார்மார்தன் பக்கம் வந்து செட்டில் ஆகி ரொம்ப வருஷம் ஆச்சு, எனக்கு கார் ஓட்டுறதுல இஷ்டமே கிடையாது, ஊர்லருந்து வர்ற மாமியார், நாத்தனார், அவங்க பசங்க எல்லாரையும் பஸ்லயும் ட்ரெயின்லயும்தான் கூட்டிட்டுப் போறேன், எல்லாருமே சந்தோஷமாத்தான் திரும்பியிருக்காங்க. டூர் பஸ்ல ஏத்தி விட்டா ஒரு நாள்ல அஞ்சு இடம் காட்டுவாங்க, ஒவ்வொண்ணுலயும் முக்கால் மணி நேரம், அதுல பாதி டாய்லெட் க்யூவுலயே போயிடும். வயசானவங்களுக்கு அது சுகமே இல்ல.

ஆனா ஒரு விஷயத்த கெட்டியா பிடிச்சுக்கோங்க. எங்க போறதா இருந்தாலும் முதல்ல பார்க்க வேண்டியது திரும்பி வர்ற கடைசி பஸ். ஜூலைல ராத்திரி ஒன்பது ஒன்பதரை வரைக்கும் வெளிச்சம் இருக்கும், நம்ம ஊர் கணக்குல அது நடுப்பகல் மாதிரியே தெரியும், இன்னும் நேரம் இருக்கேன்னு பீச்ல உக்காந்துருவோம், ஆனா சின்ன ஊர்கள்ல கடைசி பஸ் ஆறு மணி வாக்குலயே போயிருக்கும், ஞாயித்துக்கிழமை பல ரூட்ல பஸ்ஸே இருக்காது, இருந்தாலும் ரெண்டோ மூணோதான். டாக்ஸிய கூப்பிட்டுக்கலாம்னு நினைக்காதீங்க, அந்த ஊர்கள்ல டாக்ஸி முன்னாடியே சொல்லி வெச்சாத்தான் வரும், அதுக்கு மேல கடற்கரை ஓரத்துல பாதி இடத்துல போன் சிக்னலே கிடைக்காது. ட்ராவ்லைன் கம்ரிங்கிற பஸ் டைம் ஆப்ல முந்தின நாளே பார்த்து ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கோங்க. திரும்புற பஸ் எத்தன மணிக்குன்னு முடிவு பண்ணிட்டு அங்கேருந்து பின்னாடி எண்ணிக்கிட்டே வாங்க, அந்த நாளைக்கு எவ்வளவு பார்க்க முடியும்னு தானா தெரிஞ்சுரும்.

ஏன் இப்படி பஸ்ஸயே நம்ப வேண்டியிருக்குன்னா, இங்க ரயில் பாதைங்க நிறைய 1960கள்ல மூடிட்டாங்க. கார்மார்தன்லருந்து அபெரிஸ்ட்வித்துக்கு நேரா ஒரு லைன் இருந்துச்சு, 1965ல பயணிகள் வண்டி நின்னு போச்சு. இன்னிக்கு ஸ்வான்ஸிலருந்து அபெரிஸ்ட்வித்துக்கு ட்ரெயின்லயே போகணும்னா இங்கிலாந்துக்குள்ள ஷ்ரூஸ்பரி வரைக்கும் போய் சுத்திக்கிட்டு வரணும், ரெண்டுமே வேல்ஸோட கடற்கரைலதான் இருக்கு. அந்த இடைவெளிய இப்ப ட்ராஸ்கம்ரின்னு ஒரு பஸ் சர்வீஸ்தான் நிரப்புது, கார்மார்தன் டு அபெரிஸ்ட்வித் டி1. நல்ல பஸ், எலக்ட்ரிக், சத்தமே இருக்காது, பச்சைப் பசேல்னு மேடு பள்ளமா உள்நாடு வழியா போய் கடைசில திடீர்னு கடல் தெரியும் பாருங்க, அம்மாவ ஜன்னல் ஓரமா உக்கார வைங்க.

சரி, எங்கெங்க போறது. உங்களுக்கு ஸ்வான்ஸிலயே வீடு இருக்கிறதால முதல்ல மம்பிள்ஸும் ரோசிலியும் முடிங்க, ரெண்டுக்கும் டவுன் பஸ் ஸ்டேஷன்லருந்தே பஸ். மம்பிள்ஸ் பத்தி உங்களுக்கே தெரியும், சமதரை, கடல் ஓரமா நடக்கலாம், ஐஸ்க்ரீம் சாப்பிடலாம். 1807லயே காசு வாங்கிட்டு ஆள் ஏத்துன ரயில் அந்த ஓரமாத்தான் ஓடிச்சு, உலகத்துலயே அதுதான் முதல்னு சொல்றாங்க, அப்ப குதிரைதான் இழுத்துச்சு. அப்பா ரயில்வேல இருந்தவர்னு எழுதியிருந்தீங்களே, அவருக்குச் சொல்லுங்க.

ரோசிலி வேற மாதிரி. மேலருந்து பார்த்தா மூணு மைல் நீளத்துக்கு மணல், 1887ல கரை ஒதுங்குன ஹெல்வேஷியாங்கிற கப்பலோட மரச் சட்டங்க தண்ணி வடியும்போது இன்னும் மணல்ல நீட்டிக்கிட்டு நிக்கும். அங்க வேர்ம்ஸ் ஹெட்னு கடலுக்குள்ள நீண்டு போற பாறை இருக்கு, தண்ணி வடிஞ்சிருக்கிற நேரம் மட்டும் நடந்து போலாம், தாழ்ந்த அலைக்கு முன்னாடி ரெண்டரை மணி நேரம், பின்னாடி ரெண்டரை மணி நேரம், அவ்வளவுதான். அப்பா அம்மாவோட அத தாண்டவே தாண்டாதீங்க, கூர் கூரா பாறை, வழுக்கும். முனைல பழைய கோஸ்ட்கார்டு லுக்அவுட் இருக்கு, அது வரைக்கும் புல் தரைல நல்லா நடக்கலாம், அங்கருந்து பார்த்தாலே போதும். இந்த அலை விஷயத்த லேசா எடுத்துக்காதீங்க தம்பி. மெரினாவுல பொறந்து வளர்ந்தவங்களுக்கு கடல் ஒரே இடத்துல இருக்கும்னுதான் மனசுல பதிஞ்சிருக்கும், இந்த பிரிஸ்டல் சேனல்ல ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் நடுவுல பதினாலு மீட்டர் வரைக்கும் வித்தியாசம் வரும், உலகத்துலயே ரொம்பப் பெரிய அலை வித்தியாசம் இருக்கிற இடங்கள்ல இதுவும் ஒண்ணு. காலைல நடந்து போன மணல் மத்தியானம் இருக்காது. பாறைக்கு அந்தப் பக்கம் இருக்கிற குட்டி பீச்சுக்குப் போகணும்னா டைட் டைம், அதாவது தண்ணி ஏறி வடியிற நேரம், பார்க்காம போகாதீங்க, யாராவது மாட்டிக்கிட்டா 999 அடிச்சு கோஸ்ட்கார்டுன்னு கேக்கணும்.

அடுத்தது டென்பி. இதுக்கு ஒரு நாள் பத்தாது, ரெண்டு ராத்திரி தங்குங்க, என்னைக் கேட்டா மூணு. ஸ்வான்ஸிலருந்து பெம்புரோக் டாக் போற ட்ரெயின், ரெண்டு மணி நேரத்துக்கு ஒண்ணு கணக்குல ஓடும், சிலதுல நடுவுல மாறணும். போகும்போது இடது பக்கம் உக்காருங்க, லானெல்லி தாண்டினா கடல், அப்புறம் ஃபெரிசைட்கிட்ட டைவி ஆத்து முகத்துவாரம் தண்டவாளத்த ஒட்டியே வரும், எதிர்க்கரைல மலை மேல லான்ஸ்டெஃபன் கோட்டை தெரியும். கார்மார்தன்ல வண்டி திசை மாத்தி கிளம்பும், அப்பா பதறிடப் போறார், திரும்பி ஊருக்குப் போகல, அங்க ஸ்டேஷன் அப்படித்தான் அமைஞ்சிருக்கு. அந்த லைன்ல பாதி ஸ்டேஷன் ரிக்வெஸ்ட் ஸ்டாப், இறங்கணும்னா கார்டுகிட்ட முன்னாடியே சொல்லணும், ஏறணும்னா ப்ளாட்ஃபார்ம்ல நின்னு ட்ரைவருக்குத் தெரியிற மாதிரி கை காட்டணும். எக்ஸ்பிரஸ் ட்ரெயின்ல வேலை பாத்த மனுஷருக்கு, ட்ரெயின கை காட்டி நிறுத்துறது ரொம்பப் பிடிக்கும் பாருங்க.

டென்பி கோட்டைச் சுவருக்குள்ள இருக்கிற ஊரு, உள்ள சந்து சந்தா போகும், ஜூலை ஆகஸ்ட்ல பகல்ல வண்டிய உள்ள விட மாட்டாங்க, அதனால அம்மா நிம்மதியா நடக்கலாம். கலர் கலரா வீடு, கீழ துறைமுகம், மூணு பக்கமும் பீச். கால்டி தீவுக்குப் படகு போகும், இருபது நிமிஷம்தான், அங்க சிஸ்டர்சியன்ங்கிற கிறிஸ்தவ சபைத் துறவிங்க மடம் இருக்கு, அவங்களே சாக்லேட்டும் சென்ட்டும் செஞ்சு விக்கிறாங்க. தண்ணி ஏறியிருந்தா துறைமுகத்துலருந்து படகு, வடிஞ்சிருந்தா காசில் பீச்லருந்து. ஞாயித்துக்கிழமை படகு கிடையாது, காத்து பலமா இருந்தாலும் நிறுத்திருவாங்க, அதனாலதான் ரெண்டு நாள் கைல வெச்சுக்கோங்கன்னு சொல்றேன்.

பக்கத்துல சாண்டர்ஸ்ஃபுட். டென்பிலருந்து அங்க கடலோரப் பாதைல நடந்து போலாம்னு நெட்ல எல்லாரும் போடுவாங்க, ஆனா அது ஏறி இறங்கி ஏறி இறங்கி முட்டிய காலி பண்ணிரும், உங்களுக்கு ஓகே, அப்பா அம்மாவுக்கு வேணாம். பஸ்ல சாண்டர்ஸ்ஃபுட் போய் இறங்கி, அங்கருந்து வைஸ்மன்ஸ் பிரிட்ஜ் வரைக்கும் நடங்க. பழைய காலத்துல நிலக்கரி கொண்டு போன ட்ராம் பாதை அது, பாறைய குடைஞ்ச சுரங்கம் வழியா கடல ஒட்டியே போகும், முழுக்க சமதரை. மொத்த பெம்புரோக்ஷைர்ல பெரியவங்களுக்கு இத விட நல்ல நடைபாதை நான் பார்க்கல.

செயின்ட் டேவிட்ஸ் கண்டிப்பா போகணும். இங்க ட்ரெயின் கிடையாது, ஹேவர்ஃபோர்ட்வெஸ்ட் வரைக்கும் ட்ரெயின், அங்கருந்து டி11 பஸ், முக்கால் மணி நேரம், நியூகேல்ங்கிற இடத்துல ரோடு மலைலருந்து இறங்கி கடலுக்கு நேரா வந்து நிக்கும், அப்புறம் சால்வா துறைமுகம். ரெண்டாயிரம் பேர் கூட இல்லாத ஊரு, ஆனா சிட்டி, பிரிட்டன்லயே சின்ன சிட்டி. கதீட்ரல் 1181ல கட்ட ஆரம்பிச்சது, பள்ளத்துக்குள்ள இருக்கிறதால கிட்ட போற வரைக்கும் கண்ணுக்கே படாது. மேல வாசல்லருந்து 39 படி இறங்கணும், திரும்ப ஏறணும், நடுவுல நிதானமா நின்னு போங்க. இந்த ஊருக்கு ரெண்டு தடவ யாத்திரை வந்தா ரோமுக்கு ஒரு தடவ போன புண்ணியம்னு 12ஆம் நூற்றாண்டுல போப் சொன்னதா ஒரு மரபு இருக்கு. ஊர்லருந்து கொஞ்ச தூரம் நடந்தா செயின்ட் நான்ஸ், வேல்ஸோட காவல் புனிதர் டேவிட் பிறந்த இடம்னு சொல்ற பாழடைஞ்ச சின்ன கோயில், பக்கத்துல புனித ஊற்று, எதிர்ல கடல். எங்க மாமியார் அந்த ஊற்றுத் தண்ணிய தலைல தெளிச்சுக்கிட்டு அங்கேயே ஒரு மணி நேரம் உக்காந்துட்டாங்க. சீசன்ல கடற்கரை ஓரமா ஓடுற குட்டி பஸ்ங்க இருக்கு, செல்டிக் கோஸ்டர், பாப்பிட் ராக்கெட்னு பேரு, கிராமத்துப் பக்கம் ஸ்டாப்பே தேவையில்ல, பாதுகாப்பான இடமா பார்த்து நின்னு கை காட்டினா நிக்கும்.

அபெரிஸ்ட்வித் பக்கம் நேரம் இருந்தா ஒரு ராத்திரி. 1896லருந்து ஓடுற க்ளிஃப் ரயில்வே மலை மேல கூட்டிட்டுப் போயிரும், ஏற வேண்டிய அவசியமே இல்ல. அங்கருந்து டி5 பிடிச்சு அபெரைரன், நியூ கீ. நியூ கீல படகுக்குக் காசு குடுக்கணும்னு இல்ல, துறைமுகச் சுவர்ல பொறுமையா நின்னாலே பல நாள் டால்ஃபின் தெரியும். வடக்குப் பக்கம் கான்வி, கார்னார்வன் எல்லாம் அருமையான ஊருங்கதான், ஆனா இங்கருந்து போய் வர்றதுக்கே ரெண்டு நாள் போயிரும், இந்தத் தடவ விட்டுருங்க.

இன்னொண்ணு, அப்பா அம்மா சாமி கும்பிடுறவங்கன்னா ஸ்கந்த வேல் ஆசிரமம். கார்மார்தன்லருந்து டாக்ஸில போகணும், லான்பிம்சைன்ட் கிராமத்துக்கிட்ட காட்டுக்குள்ள முருகன் கோயில், இலங்கைல பிறந்த குரு சுப்ரமணியம் 1973ல ஆரம்பிச்சது. வேல்ஸ் மலைக்கு நடுவுல முருகன் அபிஷேகம் பார்க்கிறது பெரியவங்களுக்கு மறக்கவே மறக்காது. வர்றதுக்கு மூணு நாள் முன்னாடியிலருந்தே மாமிசம், மீன், முட்டை, மது தொடக்கூடாதுன்னு கேட்டுக்குவாங்க, அத பார்த்து தேதி வைங்க, போறதுக்கு முன்னாடி அவங்க வெப்சைட்ட ஒரு தடவ படிச்சுருங்க.

சாப்பாடு. அம்மா சைவம்னு எழுதியிருந்தீங்க. சின்ன ஊர்ல கஃபே எல்லாம் நாலு மணிக்கே சாத்திருவாங்க, அதனால காலைல புளியோதரை, இட்லிப்பொடி தடவுன இட்லி கட்டிக்கிட்டுக் கிளம்புறதுதான் நல்லது, ஃப்ளாஸ்க்ல காஃபி. கடைல க்ளமார்கன் சாசேஜ்னு போட்டிருந்தா தயங்காம வாங்கலாம், பேருதான் சாசேஜ், உள்ள சீஸும், லீக்குன்னு வெங்காயத்தாள் மாதிரி ஒரு காயும்தான். வெல்ஷ் கேக் வாங்கும்போது மட்டும் கேட்டுக்கோங்க, இப்ப வெண்ணெய்லயும் செய்றாங்க ஆனா பழைய முறைல பன்றிக் கொழுப்பு சேர்ப்பாங்க.

காசு விஷயம்: உங்களுக்கு 16-25 ரெயில்கார்டு, அப்பா அம்மாவுக்கு டூ டுகெதர் ரெயில்கார்டு, டிக்கெட்ல மூணுல ஒரு பங்கு குறையும், டூ டுகெதர் மட்டும் வார நாள்ல காலை ஒன்பதரைக்கு அப்புறம்தான் செல்லும். அறுபது வயசு தாண்டினவங்களுக்கு வேல்ஸ்ல பஸ் ஃப்ரீன்னு யாராவது சொல்லுவாங்க, அது இங்க குடியிருக்கிறவங்களுக்கு மட்டும், விசிட் வர்றவங்களுக்குக் கிடையாது. அதே மாதிரி இங்கிலாந்துல இருக்கிற மூணு பவுண்டு பஸ் டிக்கெட்டும் இங்க செல்லாது. பஸ்ல ஏறும்போது நாள் முழுக்க செல்லுற டிக்கெட் இருக்கான்னு ட்ரைவர்கிட்ட கேளுங்க, பொறுமையா சொல்லுவாங்க. இறங்கும்போது ட்ரைவருக்கு தேங்க்ஸ் சொல்லிட்டு இறங்கணும், இங்க எல்லாரும் சொல்லுவாங்க, அப்பாகிட்டயும் சொல்லி வைங்க.

குடை வேணாம், காத்துல ரெண்டு நிமிஷத்துல திரும்பிக்கும். தொப்பி வெச்ச ரெயின் ஜாக்கெட், பிடிப்பு இருக்கிற ஷூ, ஜூலையா இருந்தாலும் ஒரு ஸ்வெட்டர். அம்மாவுக்கு சேலைதான் வேணும்னா கட்டிக்கட்டும், கால்ல மட்டும் செருப்பு வேணாம்.

ரூம மட்டும் இந்த வாரமே புக் பண்ணுங்க. இங்க ஸ்கூல் லீவு ஜூலை இருபது வாக்குல ஆரம்பிச்சுரும், அதுக்கப்புறம் டென்பில இடமும் கிடைக்காது, கிடைச்சாலும் விலை ரெண்டு பங்கு சொல்லுவாங்க. வர்ற தேதிய சொல்லுங்க, அந்த நாளைக்கு டைட் டைமும் பஸ் டைமும் சேர்த்துப் பார்த்து எந்த நாள் எங்க போறதுன்னு நானே எழுதித் தர்றேன்.