அல்சர் என்று சொன்ன பொய்

அன்புள்ள ஐயா,

அப்பாவுக்குக் கணையத்தில் புற்றுநோய். வீட்டில் எல்லாரும் பேசிவைத்துக்கொண்டு அவரிடம் 'அல்சர்' என்றோம். நான்கே மாதத்தில் போய்விட்டார். 'நன்மை பயக்கும் எனின்' பொய்யும் வாய்மை என்று வள்ளுவரே சொல்லியிருக்கிறாரே எனத் தேற்றிக்கொண்டேன். தத்துவம் படிக்கும் என் மகளோ, இதை ஜெர்மன் தத்துவஞானி காண்ட் ஏற்கமாட்டார், ஆங்கிலேயத் தத்துவஞானி மில் ஏற்பார் என்கிறாள். ஆளுக்கொரு நன்மை என்றால் எதைப் பிடித்துக்கொள்வது?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

மகள் சொல்வது பாதி சரி.

நிபந்தனையில்லாமல் நல்லது என்று சொல்லத்தக்கது நல்ல சித்தம் (சரியானதைச் செய்ய வேண்டும் என்ற மன உறுதி) ஒன்றே என்று 1785-ல் எழுதியவர் காண்ட். நண்பனைக் கொல்லத் தேடிவருபவன் வாசலில் நின்று கேட்டாலும் பொய் கூடாது என்று 1797-ல் ஒரு கட்டுரையில் வாதாடினார். அதை என்னால் ஏற்கமுடியவில்லை. ஆனால் உங்கள் வீட்டுக்கு அவர் வந்திருந்தால் கேட்டிருக்கக்கூடியதைத் தள்ளவும் முடியவில்லை: அந்த நான்கு மாதத்தை எப்படிக் கழிப்பது என்று முடிவு செய்ய வேண்டியவர் யார்?

மில்லுக்கு நன்மை என்பது இன்பம். அதுவும் சம்பந்தப்பட்ட அத்தனை பேருடைய இன்பம். இந்தக் கொள்கையை விளக்கி 1861-ல் வெளியான பயன்வாதக் கட்டுரையில், பொய் கூடாது என்ற விதிக்கு உங்கள் நிலையையே அவர் விதிவிலக்காகச் சொல்கிறார்: கடும் நோயாளியிடம் கெட்ட செய்தியை மறைப்பது. ஆனால் சும்மா விடவில்லை. அது ஒருவரை, முக்கியமாகத் தன்னையல்லாத ஒருவரை, தகாத பெருந்தீங்கிலிருந்து காக்க வேண்டும். வாய்திறக்காமல் இருந்தால் போதாது, இல்லையென்று மறுத்துச் சொன்னால்தான் மறைக்கமுடியும் என்ற நிலையும் வேண்டும்.

(நன்மையை வரையறுக்கவே முடியாது, மஞ்சள் நிறத்தைப் போல என்றார் மூர் என்ற இன்னொரு ஆங்கிலேயத் தத்துவஞானி, 1903-ல். அவரை இழுத்தால் இன்று முடியாது.)

குறளில் ஒரு சொல்லை விட்டுவிட்டீர்கள்: 'புரைதீர்ந்த'. நன்மை மட்டும் போதாது, அதில் குற்றம் இருக்கக்கூடாது. பரிமேலழகர் 'பிறர்க்கு' என்றும் சேர்த்துப் பொருள் சொல்கிறார். மில் வைத்த அதே நிபந்தனை! முந்தைய குறள் வாய்மையையே 'தீமை இலாத சொலல்' என்பதால் வள்ளுவரை மில் கட்சியில் சேர்க்கத் தோன்றும். ஆனால் வள்ளுவர் இன்பத்தைக் கூட்டிக் கழிக்கிறவர் இல்லை.

'அல்சர்' அப்பாவுக்காகவா, அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தெம்பில்லாத உங்களுக்காகவா? இரண்டும் கலந்துதான் இருந்திருக்கும். அதைவிட எனக்குத் தெரியவேண்டியது வேறு. என்ன நோய் என்று அவர் ஒருமுறையாவது நேராகக் கேட்டாரா? கேட்கவில்லை என்றால் வாய்திறக்காமல் இருந்தாலே போதும். அல்சர் தேவைப்பட்டிருக்காது, மில்லும் உங்களைக் கைவிட்டுவிடுவார். கேட்டிருந்தால், மகளோடு தாராளமாக வாதாடுங்கள்.